வெண்தூளும் வினைமுதலும்: சோடியம் மெற்றாபைசல்பைற்றும் அதனைக் கையாளுவோரும்

தோற்றுவாய்

உணவிற் சேர்க்கப்படும் இரசாயனப் பொருள்கள் பற்றி நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் உண்பவரை முன்னிறுத்தியே எழுதப்படுகின்றன. எந்தப் பொருள் எந்த உணவில் எவ்வளவு கலந்துள்ளது, அதனால் உண்பவருக்கு நேரும் கேடு யாது என்பனவே அவற்றின் வினாக்கள். இவ்வக்கறை நியாயமானதே. ஆயின் உணவுப் பண்டம் உண்கலத்தை வந்தடையுமுன் பலருடைய கைகளைக் கடந்து வருகின்றது. சாக்கினை அவிழ்ப்பவர், தூளை அள்ளி நிறுப்பவர், நீரிற் கரைப்பவர், அக்கரைசலில் இறாலையோ பழத்தையோ அமிழ்த்தி எடுப்பவர், இறுதியில் தொட்டியைக் கழுவுபவர் ஆகியோர் அப்பொருளை உண்பதில்லை, அதனைச் சுவாசிக்கின்றனர். உண்பவருக்கு மில்லிகிராம் கணக்கிற் சேருவது இவர்களைக் கிலோகிராம் கணக்கிற் சூழ்ந்திருக்கின்றது.

இவ்வேறுபாட்டினை ஒரு குறிப்பிட்ட பொருளின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சோடியம் மெற்றாபைசல்பைற்று. இலக்கிய ஆய்வாளர்க்கு இரசாயனத் தூளொன்றில் என்ன அலுவல் என்று வினவப்படலாம். சாக்கின்மேல் அச்சிடப்பட்டுள்ள எச்சரிக்கையும் ஒரு பனுவலே. அது யாரால், யாரை நோக்கி, எவ்வகை வாக்கியத்தில் எழுதப்பட்டுள்ளது என்பது அதனை வாசிப்பவரின் உயிரோடு தொடர்புடையது. எனவே பொருளின் இயல்பை முதலில் விளக்கிப் பின்னர் அதுபற்றிய மொழியையும் ஆராய்வோம்.

பொருளும் அதன் இயல்பும்

சோடியம் மெற்றாபைசல்பைற்று வெண்ணிறமான அல்லது சற்றே மஞ்சள் சார்ந்த தூளாகும். இரண்டு சோடியம் அணுக்களும், இரண்டு கந்தக அணுக்களும், ஐந்து ஒட்சிசன் அணுக்களும் சேர்ந்தமைந்தது. உணவுச் சேர்க்கைகளின் சர்வதேச இலக்கமுறையில் இதன் எண் 223. கந்தகவீரொட்சைட்டு 220 எனவும், சோடியம் சல்பைற்று 221 எனவும், சோடியம் பைசல்பைற்று 222 எனவும், பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று 224 எனவும் குறிக்கப்படுகின்றன. பெயர்கள் பலவாயினும் இவையனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தொழிலைச் செய்வது கந்தகவீரொட்சைட்டே.

தூள் நீரிற் கரைந்ததும் பைசல்பைற்றாக மாறுகின்றது. கரைசல் அமிலத்தன்மை அடையுந்தோறும் அதிலிருந்து கந்தகவீரொட்சைட்டு வாயு வெளிப்படுகின்றது. சூடாக்கினும் வெளிப்படும். ஈரமான காற்றுப்பட்ட சாக்கினுள்ளும் இம்மாற்றம் மெல்ல நிகழ்வதுண்டு. பழைய சாக்கைத் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி இதன் விளைவேயாகும். எனவே இத்தூளினை ஒருவகையில் திண்ம வடிவில் அடைத்து வைக்கப்பட்ட வாயு எனக் கொள்ளுதல் தகும்.

எவ்வளவு வாயு அடைபட்டுள்ளது என்பதைக் கணக்கிட்டு நோக்குவோம். நிறையளவில் இத்தூளின் ஏறத்தாழ 67 வீதம் கந்தகவீரொட்சைட்டாக மாறவல்லது. ஒரு கிலோகிராம் தூள் முற்றாகச் சிதைந்தால், சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவைத் தரும். ஐந்து மீற்றர் நீளமும், நான்கு மீற்றர் அகலமும், இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட மூடிய அறையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 50 கனமீற்றர். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 100 பங்கு கந்தகவீரொட்சைட்டு இருப்பின் அது உயிருக்கு உடனடி ஆபத்து விளைக்கும் நிலை என அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் வகுத்துள்ளது. மேற்குறித்த அறையில் அந்நிலை தோன்ற 5 லீற்றர் வாயு போதும். அதற்கு வேண்டிய தூள் ஏறத்தாழ 20 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட அளவு. அதே நிறுவனம் கால்மணி நேரத்துக்கு மேற்படலாகாது என விதந்துரைத்த எல்லை பத்து இலட்சத்தில் 5 பங்கு. அதனை எட்டுவதற்கு ஒரு கிராம் தூளே போதுமானது. நடைமுறையில் தூள் முழுவதும் ஒருங்கே சிதைவதில்லை. காற்றும் முற்றாக அடைபட்டிருப்பதில்லை. எனினும் 25 கிலோகிராம் சாக்குகள் அடுக்கப்பட்ட ஓர் அறையின் நிலையை உணர்ந்துகொள்ள இக்கணக்கு துணைபுரியும்.

இன்னுமொரு பண்பும் மனங்கொள்ளத்தக்கது. இவ்வாயு காற்றிலும் ஏறத்தாழ 2.2 மடங்கு பாரமானது. ஆதலால் அது மேலெழுந்து கலைந்துவிடாது தாழ்ந்த இடங்களிற் தேங்கி நிற்கும். படகின் மீன் அறை, நிலத்தடித் தொட்டி, வடிகாற் குழி என்பன அதன் இயல்பான தங்கிடங்களாகும். குனிந்து வேலை செய்பவரும் குழியில் இறங்குபவரும் முதலிற் பாதிக்கப்படுவது இதனாலேயே.

பண்டத்தின் தோற்றம்

இத்துணை வீரியமான பொருள் உணவில் ஏன் சேர்க்கப்படுகின்றது? அதன் பயன்களை மறுத்தல் அறிவியலாகாது. திராட்சை மதுவில் வேண்டாத நுண்ணுயிர்களை அடக்குவதற்கும், உலர்ந்த பழங்களில் நிறத்தையும் உயிர்ச்சத்து சி-யையும் காப்பதற்கும், உலர்த்திய தேங்காய்த் துருவல் மஞ்சளாகாது தடுப்பதற்கும் சல்பைற்றுகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. எனினும் அவற்றின் முக்கிய பயன்களிற் பல உணவின் சத்தையன்றித் தோற்றத்தையே சார்ந்தவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இறாலை உதாரணமாகக் கொள்வோம். பிடிபட்ட இறாலின் தலைப்பகுதியிலும் ஓட்டின் விளிம்புகளிலும் சில மணி நேரத்திற் கருமை படரத் தொடங்கும். இறாலின் உடலிலேயே உள்ள நொதியங்கள் ஒட்சிசனுடன் சேர்ந்து மெலனின் எனும் கருநிறப்பொருளை உண்டாக்குவதே காரணமாகும். இக்கருமை அழுகலன்று, உண்பவருக்குத் தீங்கும் செய்யாது. ஆயினும் கருமை படர்ந்த இறாலின் விலை சந்தையில் வீழ்ச்சியடைகின்றது. நொதியத்தின் தொழிலை நிறுத்துவதற்காகவே மெற்றாபைசல்பைற்று பயன்படுத்தப்படுகின்றது. நூற்றுக்கு ஒன்றேகால் வீதமான கரைசலில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுப்பது நெடுங்காலமாக விதந்துரைக்கப்பட்டு வந்த முறை. வேலையின் அவசரத்திலே தூளை நேரடியாக இறாலின்மீதும் பனிக்கட்டியின்மீதும் அள்ளித் தூவும் வழக்கமும் உண்டு.

இங்கு பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாடு தெளிவாக வெளிப்படுகின்றது. உண்பதற்கு ஏற்ற இறாலை விற்பதற்கு ஏற்ற இறாலாக்குவதே தூளின் பணி. 1986ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு, மருந்து நிர்வாகம் பச்சையாக உண்ணப்படும் பழங்களிலும் மரக்கறிகளிலும் சல்பைற்றுகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. உணவகங்களில் நறுக்கி வைக்கப்பட்ட இலைக்கறிகள் நாள் முழுதும் வாடாதவைபோற் தோன்றுவதற்காக இக்கரைசல் தெளிக்கப்பட்டதும், அவற்றை உண்ட ஆஸ்துமா நோயாளர் சிலர் இறந்ததாக முறைப்பாடுகள் எழுந்ததுமே அத்தடைக்கு வழிகோலின. இறைச்சியிலும், உயிர்ச்சத்து பி1-இன் மூலமாகக் கருதப்படும் உணவுகளிலும் சல்பைற்றுச் சேர்த்தல் அந்நாட்டில் அனுமதிக்கப்படுவதில்லை. பழைய இறைச்சிக்கு அது புதிய செந்நிறத்தைக் கொடுத்துவிடும், பி1-ஐயும் அழித்துவிடும்.

நமது நாட்டின் கறுவாப் பட்டையும் இதே வாயுவோடு தொடர்புடையதே. பட்டையின் நிறத்தை வெளிறச் செய்யவும் பூச்சி, பூஞ்சணங்களைத் தடுக்கவும் கந்தகத்தை எரித்துப் புகையிடும் வழக்கம் இங்கு நிலவுகின்றது. அங்கே சாக்குத் தூள் இல்லை. ஆனால் மூடிய அறையில் எழுவது அதே கந்தகவீரொட்சைட்டுத்தான். எனவே பின்வருவனவற்றுட் பல கறுவாத் தொழிலாளருக்கும் பொருந்தும்.

தீங்கின் இருவழிகள்

இத்தூளின் தீங்கு இருவழியால் நேர்கின்றது: ஒன்று தூசு, மற்றொன்று வாயு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல விபத்துகளுக்கு அடிப்படையாகும்.

தூசு கண்ணிற் பட்டால் கடுமையான சேதத்தை விளைக்கும். ஈரமான தோலிற் படிந்தால் எரிச்சலையும், நாட்பட்ட தொடர்பில் தோலழற்சியையும் உண்டாக்கும். காற்றில் மிதக்கும் தூசுக்கு ஒரு கனமீற்றருக்கு 5 மில்லிகிராம் என்ற எல்லை விதந்துரைக்கப்பட்டுள்ளது. வாயுவோ நீரில் எளிதிற் கரைவது. அது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல்கள் ஆகியவற்றின் ஈரப்பரப்பிற் கரைந்து அமிலமாகின்றது. அதனால் மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன. இருமலும் நெஞ்சிறுக்கமும் தோன்றுகின்றன. மிகுந்த அளவில் நுரையீரலில் நீர் கோத்து உயிரிழப்பும் நேரலாம். ஆஸ்துமா உள்ளவர் ஏனையோர் உணராத சிற்றளவிலேயே பாதிப்புறுவர். முன்னர் ஆஸ்துமா இல்லாத தொழிலாளரிடத்தும் இத்தூளின் தொடர்பினால் தொழில்வழி ஆஸ்துமா தோன்றியமை மருத்துவ இலக்கியத்திற் பதிவாகியுள்ளது.

துணியாலான முகமூடி பெருந்தூசை ஓரளவு தடுக்கும். வாயுவைச் சிறிதும் தடுக்காது. முகமூடி அணிந்தமையால் தாம் காக்கப்பட்டுள்ளதாக நம்பி மீன் அறையில் இறங்குபவர் முகமூடி இல்லாதவரினும் கூடிய ஆபத்தை எதிர்நோக்குகின்றார் எனலாம். இறால் மீனவரிடையே இவ்வாயுவின் ஆபத்து போதிய அளவு உணரப்படவில்லை என்பதை 1993ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சிலர் தமது கட்டுரையின் தலைப்பாகவே அமைத்தனர். வடகிழக்குப் பிரேசிலின் இறால் பண்ணைகளில் அறுவடை செய்யும் தொழிலாளர் குறித்தும் இத்தகைய ஆய்வுகள் எழுந்துள்ளன. கடல்கள் வேறாயினும் தொழிலின் அமைப்பு ஒன்றாக இருப்பதால் ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றது.

வயிற்றுக்கு ஓர் அளவை, மூச்சுக்கு ஓர் அளவை

உணவுச் சேர்க்கையொன்று பாதுகாப்பானது எனக் கூறும்போது யாருக்குப் பாதுகாப்பானது எனும் வினா எழுதல் வேண்டும். உணவு, விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த கூட்டு நிபுணர் குழு, சல்பைற்றுகளை ஒருவர் நாளொன்றுக்குத் தமது உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.7 மில்லிகிராம் வரை, கந்தகவீரொட்சைட்டுக் கணக்கில், உட்கொள்ளலாம் என வகுத்தது. 50 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது 35 மில்லிகிராம் ஆகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தான் தற்காலிகமாகக் கொண்டிருந்த இதே அளவினை 2022இற் கைவிட்டு, சான்றுகள் போதாமையைச் சுட்டி, மிகுதியாக உட்கொள்வோர் குறித்துக் கவலை தெரிவித்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கிலோகிராம் இறாலில் 100 மில்லிகிராம் என்பதும், ஐரோப்பாவில் இறாலின் பருமனுக்கேற்ப 150 முதல் 300 மில்லிகிராம் என்பதும் எல்லைகளாகும். பத்து மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் உறையிற் குறிப்பிடல் வேண்டும் என்ற விதியும் உண்டு.

இவ்வெண்கள் அனைத்தும் உணவின் நிறையைக் கொண்டு அளக்கப்பட்டவை. இறால் எல்லைக்கு உட்பட்டிருந்தால் ஏற்றுமதிச் சான்றிதழ் கிடைத்துவிடும். அவ்விறாலைக் கரைசலில் அமிழ்த்தியவர் அன்று சுவாசித்த காற்றினை அச்சான்றிதழ் அளப்பதில்லை. இறால் கழுவப்படுகின்றது, காற்று கழுவப்படுவதில்லை.

உண்பதற்குத் தீங்கற்றது சுவாசிப்பதற்குத் தீங்கற்றதாகாது என்பதற்கு வரலாற்றில் மிகத் தெளிவான சான்று வேறொரு சேர்க்கையிலிருந்து கிடைக்கின்றது. வெண்ணெயின் மணத்துக்குக் காரணமான டைஅசெற்றைல் எனும் பொருள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்பதற்குப் பாதுகாப்பானதென ஏற்கப்பட்டது. அதனைக் கொண்ட மணச்சேர்க்கைகள் திரவமாகவும் பசையாகவும் தூளாகவும் விற்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் மிசூரி மாநிலத்துப் பொப்கோர்ன் ஆலையொன்றில் முன்னர் பணியாற்றிய எட்டுப் பேரிடம் சிறு மூச்சுக்குழல்கள் மீளா வகையில் அடைபடும் அரிய நோய் காணப்பட்டமை மாநிலச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட்டது. ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. பண்டத்தை உண்ட இலட்சக்கணக்கானோர் பற்றியன்றி, கலவைத் தொட்டியின் அருகே நின்றோர் பற்றியே அவ்வாய்வு பேசியது. தூள்வடிவ மணச்சேர்க்கை வாயுவைக் குறைவாக வெளிவிட்டாலும் அதன் நுண்தூசு டைஅசெற்றைலை நுரையீரலின் ஆழத்துக்குச் சுமந்துசெல்லக்கூடும் என்பதும் பின்னர் சுட்டப்பட்டது. 2006இல் தொழிற்சங்கங்கள் அவசரகாலத் தொழில் விதியொன்றை வேண்டி மனுச்செய்தன. கூட்டாட்சி அரசு அதனை வழங்கவில்லை. காற்றில் நூறுகோடியில் 5 பங்கு எனும் விதந்துரை 2016இலேயே வெளியானது.

இவ்வாறு உண்பவரின் வயிறு முன்னிற்க உழைப்பவரின் உடல் பின்தள்ளப்படுவது புதியதன்று. 1860களில் இலண்டன் பாண் தொழிலாளரின் நெடும் இரவு வேலை பற்றிய அரசாங்க அறிக்கையைக் 'மூலதனம்' முதற் தொகுதியில் ஆராய்ந்த மார்க்ஸ், படிகாரமும் அழுக்கும் கலந்த பாண் பற்றிய செய்திகளே வாசகரைக் கலங்கச் செய்தன என்பதையும், தொழிலாளரின் துன்பம் அத்துணைக் கலக்கத்தை ஏற்படுத்தவில்லை என்பதையும் ஏளனத்துடன் குறித்துள்ளார். 1906இல் நூலாக வெளிவந்த அப்டன் சிங்கிளயரின் 'த ஜங்கிள்' நாவலுக்கும் இதுவே நேர்ந்தது. சிக்காகோ இறைச்சித் தொழிலாளரின் வாழ்வை உலகறியச் செய்ய எழுதப்பட்ட அந்நாவல், அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் நிறைவேறத் துணைபுரிந்தது. தொழிலாளரின் நிலையை மாற்றவில்லை. ஆசிரியரே இதுகுறித்து வருந்தினார். யதார்த்தவாத இலக்கியத்தின் ஆற்றலையும், அது வாசிக்கப்படும் வர்க்கத் தளத்தின் எல்லையையும் ஒருங்கே காட்டும் உதாரணம் இதுவாகும்.

நமது நாட்டிலும் உணவினை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், வேலைத்தலத்தை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தனித்தனியே நோக்குகின்றன. ஒரே தூள் சாக்கிலிருந்து இறாலுக்குச் செல்லும் சில அடி தூரத்தில் ஒரு சட்டத்தின் பார்வையிலிருந்து இன்னொன்றின் பார்வைக்கு மாறிவிடுகின்றது. படகின் அடித்தளமும், கரையோர வாடியும், வீட்டோடு ஒட்டிய கொட்டிலும் 'தொழிற்சாலை' என்னுஞ் சொல்லால் நம் மனத்தில் உணர்த்தப்படுபவையல்ல என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

எச்சரிக்கையின் மொழி

இனி எச்சரிக்கையின் மொழியை நோக்குவோம். இத்தகைய பொருள்களோடு வரும் அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அவை தமிழாக்கப்படும்போதும் பின்வரும் பாங்கிலேயே அமைகின்றன: 'தூளை உள்ளிழுத்தல் தவிர்க்கப்படல் வேண்டும்', 'போதிய காற்றோட்டம் உள்ள இடத்தில் பயன்படுத்தப்படல் வேண்டும்', 'பொருத்தமான சுவாசக் காப்பு அணியப்படல் வேண்டும்'.

இவ்வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை. ஆயின் அவற்றில் வினைமுதல் இல்லை. காற்றோட்டத்தை அமைக்க வேண்டியவர் யார்? சுவாசக் காப்பினை வாங்கித்தர வேண்டியவர் யார்? செயப்பாட்டுவினை அவரை மறைத்துவிடுகின்றது. வாக்கியத்தில் வெற்றிடமாக விடப்பட்ட அவ்விடத்தில், சாக்கின் அருகே நிற்கும் ஒரே மனிதரான கூலித் தொழிலாளி தானாகவே வந்து அமர்த்தப்படுகின்றார். விபத்து நேர்ந்த பின்னர் 'அறிவுறுத்தல் பின்பற்றப்படவில்லை' எனும் இன்னொரு செயப்பாட்டு வாக்கியம் பொறுப்பினை அவர்மேற் சுமத்தி முடிக்கின்றது. 'போதிய', 'பொருத்தமான' எனும் பெயரடைகளும் அவ்வாறே. அளவினை அவை கூறுவதில்லை. 'அமிலத்தோடு சேரின் நச்சு வாயு வெளிப்படும்' என்ற வாசகத்திலும் அமிலம் என்பது ஆய்வுகூடப் போத்தலையே நினைவூட்டுகின்றது. எலுமிச்சைச் சாறும், விநாகிரியும், புளிக்கரைசலும், தொட்டி கழுவும் திரவமும் அமிலமே எனச் சொன்னாலன்றி அவ்வெச்சரிக்கை சமையற்கூடத்தையோ மீன் பதனிடும் நிலையத்தையோ சென்றடைவதில்லை.

நமது இலக்கண மரபில் இதற்கு ஏற்ற கருவியுண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய முதனிலைகளை எட்டாக வகுக்கின்றது. வினை, அதனைச் செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக என அவற்றை விளக்கலாம். பழம்பெருமை பேசுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. ஓர் அறிவுறுத்தல் முழுமையானதா என்பதைச் சோதிக்க இவ்வெட்டும் உரைகல்லாக உதவும் என்பதனாலேயே கூறுகின்றோம்.

கையாளும் முறை

மேற்கூறிய வகுப்பினைப் பின்பற்றி இத்தூளைக் கையாளும் முறையைத் தொகுத்துரைப்போம்.

இடத்தைப் பொறுத்தவரை, தொழில் நடத்துபவர் சாக்குகளை உலர்ந்த, குளிர்ந்த, தரையினின்று உயர்த்தப்பட்ட தட்டில் அடுக்கி வைக்கச் செய்தல் வேண்டும். அமிலங்களும், வெளிற்றும் தூள், நைத்திரேற்று, நைத்திரைற்று முதலிய ஒட்சியேற்றும் பொருள்களும் அக்களஞ்சியத்தில் இருத்தலாகாது. வாயு தாழ்ந்து தேங்குமாதலால் காற்றுப்போக்கி கூரையருகே மட்டுமன்றித் தரையருகேயும் அமைதல் இன்றியமையாதது. நிறுத்தலும் கரைத்தலும் திறந்தவெளியிலோ, தூசை உறிஞ்சும் கூண்டின் கீழோ நிகழ்தல் வேண்டும். படகாயின் மேற்றளத்திலன்றி மீன் அறையினுள் நிகழலாகாது.

காலத்தைப் பொறுத்தவரை, தூள் இறால் வந்து குவியுமுன் நிறுத்துக் கரைக்கப்பட்டு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவசரமே தூளை நேரடியாகத் தூவும் வழக்கத்துக்குத் தாய். கரைப்பவர் காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, குளிர்ந்த நீரில் தூளைச் சிறிது சிறிதாக இடுவார்; தூளின்மேல் நீரை ஊற்றமாட்டார்; வெந்நீரைப் பயன்படுத்தமாட்டார். சாக்கின் வாயை ஒவ்வொரு முறையும் மூடிக்கட்டுவார்.

கருவியைப் பொறுத்தவரை, தொழில் நடத்துபவர் தமது செலவில் கண்ணை முற்றாக மூடும் காப்புக்கண்ணாடி, றப்பர் கையுறை, நீண்ட கையுடைய மேலங்கி, அமில வாயுவையும் தூசையும் ஒருங்கே தடுக்கும் வடிகட்டி பொருத்திய சுவாசக் காப்பு ஆகியவற்றை வழங்குதல் வேண்டும். வடிகட்டிக்கு ஆயுள் உண்டு. குறித்த காலத்தில் அதனை மாற்றும் கடமையும் அவருடையதே. வாயு மிகுந்தும் காற்றுக் குறைந்தும் உள்ள மூடிய அறையில் வடிகட்டிக் காப்பு போதாது. தனிக்காற்றுக் கலம் வேண்டும்.

மூடிய அறை அல்லது தொட்டியினுள் காற்றினை அளந்து பார்த்து, வெளிக்காற்றைச் செலுத்திய பின்னரே ஒருவர் இறங்கலாம். அவர் இறங்கும்போது மேலே இன்னொருவர் நிற்றல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி வீழ்ந்தால், தனிக்காற்றுக் கலமின்றி மற்றவர் இறங்கலாகாது. மூடிய அறை விபத்துகளில், விழுந்தவரை மீட்கச் சென்றவரே அடுத்தடுத்து வீழ்வது உலகெங்கும் காணப்பட்ட துயரமாகும். மனிதாபிமானம் உயிர் காக்க வேண்டுமாயின் அதற்குக் கருவி வேண்டும்.

சிந்திய தூளை உலர்ந்த நிலையிலேயே தூசு கிளம்பாது சேகரித்து மூடிய கலத்திலிடல் வேண்டும். நீரூற்றி வடிகாலுக்குள் தள்ளுதல் குழியினுள் வாயுவை நிரப்பும். பயன்பட்ட கரைசலை களப்பிலோ ஆற்றிலோ ஊற்றினால் அது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைக் கவர்ந்து மீன்களை மூச்சுத்திணறச் செய்யும். தூள் கண்ணிற் பட்டால் இமையை விரித்து ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி மருத்துவரிடம் செல்லல் வேண்டும். வாயுவைச் சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, அரைநிமிர்ந்த நிலையில் இருத்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். நுரையீரலில் நீர்கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றுமாதலால், இருமல் தணிந்தது கண்டு மீண்டும் வேலைக்கு நிறுத்துதல் கூடாது.

யாருக்காக, என்ன பயனுக்காக எனும் கடைசி இரு முதனிலைகளே சிந்தனைக்கு உரியவை. வேலையில் அமர்த்துமுன் ஆஸ்துமா உண்டா என வினவுவது தொழிலாளியை விலக்குவதற்கான வழியாக மாறிவிடலாகாது. அவருக்கு வேறு பணி வழங்குவதற்கான வழியாக இருத்தல் வேண்டும். வேலை பறிபோகும் எனும் அச்சம் நிலவுமிடத்தில் எவரும் தம் நெஞ்சிறுக்கத்தை வெளியிடமாட்டார். இத்தூளே வேண்டுமா எனும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். இறாலின் கருமையைத் தடுப்பதற்கு 4-எக்சைல்றிசோசினோல் எனும் பொருள் மிகச் சிற்றளவிற் பயன்படுவது, கந்தகவீரொட்சைட்டை வெளிவிடாதது. ஐரோப்பாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. தொழிலாளரை முகமூடியால் மூடுவதிலும், ஆபத்தான பொருளையே மாற்றுவது மேல் என்பது தொழில்சார் சுகாதார இயலின் அடிப்படைக் கோட்பாடு. விலை கூடுதலென மறுக்கப்படுமாயின், அவ்விலை வேறுபாடு இப்போது யாருடைய மூச்சினால் ஈடுசெய்யப்படுகின்றது என்பது வெளிப்படையாகும்.

முடிவுரை

சோடியம் மெற்றாபைசல்பைற்று கொடிய நஞ்சுமன்று, தீங்கற்ற உப்புமன்று. அறிந்து கையாளின் அதன் ஆபத்துகளைப் பெரிதும் தவிர்க்கலாம். அவ்வறிவு ஆய்வுகூடங்களிலும் ஆங்கில ஏடுகளிலும் பல்லாண்டுகளாக உள்ளது. இல்லாதது, அதனைச் சாக்கினை அவிழ்ப்பவரிடம் அவருடைய மொழியில், வினைமுதலோடு கூடிய வாக்கியங்களிற் கொண்டுசேர்க்கும் ஏற்பாடே.

இதிற் தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒரு பணி உண்டு. கலைச்சொல் ஆக்கம் நம்மிடையே நெடிய வரலாறுடையது. கந்தகவீரொட்சைட்டு எனும் சொல்லே அம்முயற்சியின் பயனாகும். ஆயின் சொல்லாக்கம் பாடநூலோடு நின்றுவிடலாகாது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள், இரசாயனவியல், மருத்துவ மாணவரோடும் தொழிற்சங்கங்களோடும் இணைந்து, நம் பிரதேசத்து வேலைத்தலங்களிற் பயன்படும் இத்தகைய தூள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒருபக்க அறிவுறுத்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்குதல் இயலக்கூடிய காரியமே. அவ்வறிவுறுத்தலின் முதல் வாக்கியத்தில் தொழில் நடத்துபவர் எழுவாயாக நிற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.